வன்னியில் வீட்டுப் பட்டறைக்கு பிளேனர்-திக்னசர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, மாங்குளம், முல்லைத்தீவுப் பக்கம் வீட்டுக் கொட்டிலில் தச்சு வேலை செய்கிறவர்கள் பலகை சீவும் மெஷின் பற்றி என்னிடம் கேட்டவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கடைக்காரர் மெஷினைப் பற்றித்தான் சொல்வார். எங்கள் மண்ணில் அதற்கு முதல் மரத்தைப் பற்றிக் கதைக்க வேண்டியிருக்கிறது. அதனால் சில பதில்கள் நீளமாக இருக்கும்.

பிளேனரும் திக்னசரும் ஒன்றுதானே?

இல்லை. இந்தக் குழப்பத்தால்தான் நிறையப் பேர் காசை வீணாக்குகிறார்கள்.

பிளேனர் என்பது மேலே இரண்டு மேசையும் நடுவில் சுழலும் பிளேட் உருளையும் உள்ளது. பலகையைக் கையால் தள்ளுகிறோம். அடிமுகம் சீவுப்பட்டு ஒரே மட்டமாகிறது. திக்னசரில் பலகை உருளைக்கு அடியால் போகிறது, ரோலர் அதை இழுத்துக்கொண்டு போகும். மேல்முகம் அடிமுகத்துக்குச் சமாந்தரமாகச் சீவுப்படும், தடிப்பு எங்கும் ஒன்றாக வரும்.

வளைந்த பலகையை நேரே திக்னசரில் விட்டால் என்ன நடக்கும்? ரோலர் அமுக்கும்போது பலகை மேசையோடு நேராகப் படுக்கும். சீவுப்பட்டு வெளியே வந்ததும் பழையபடி நிமிர்ந்து வளைந்துகொள்ளும். வளைந்த தடித்த பலகை போய் வளைந்த மெல்லிய பலகை வரும், அவ்வளவுதான். வளைவை எடுப்பது பிளேனர், தடிப்பை ஒன்றாக்குவது திக்னசர். இரண்டையும் ஒரே உருளையில் செய்கிறதுதான் பிளேனர்-திக்னசர்.

எனக்கு இது தேவையா? மரக்காலையில் சீவிக் கொடுக்கிறார்களே?

வருடத்துக்கு இரண்டு கதவும் ஒரு மேசையும் செய்கிறவர் என்றால் வாங்க வேண்டாம். மரக்காலையிலேயே சீவி எடுங்கள். ஆனால் ஒன்று: அங்கே பெரும்பாலும் திக்னசரில் மட்டும்தான் விட்டுத் தருவார்கள். ஒரு முகத்தை முதலில் பிளேனரில் மட்டமாக்கித் தரச் சொல்லிக் கேளுங்கள், அதற்குத் தனிக் கூலி கேட்டாலும் கொடுங்கள்.

மாதம் தவறாமல் யன்னல், அலுமாரி, கட்டில் என்று செய்கிறவர் வாங்கலாம். இன்னொரு காரணமும் இருக்கிறது. சீவிய பலகை இரண்டு கிழமை சாத்தி வைத்தால் திரும்பவும் கொஞ்சம் முறுகும். வீட்டில் மெஷின் இருந்தால் பொருத்துகிற அன்றைக்குக் கடைசிச் சீவல் சீவலாம். பொருத்து இறுக்கமாக வருவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கைப்பிளேனரைக் கவிழ்த்து மேசையில் பூட்டி வேலை செய்கிறேன். அது காணாதா?

82 மில்லிமீற்றர் கைப்பிளேனர் எல்லாப் பட்டறையிலும் இருக்கிறது. கவிழ்த்துப் பூட்டுவதையும் எங்கும் காண்கிறேன். தயவுசெய்து நிறுத்துங்கள். அதற்கு மூடி இல்லை, விசையை கயிற்றால் கட்டித்தான் ஓட வைக்கிறோம். கை வழுக்கினால் நிறுத்த வழி கிடையாது. மேசையும் ஒரு அடி நீளம்தான், அதில் மூன்று அடிப் பலகையை நேராக்க முடியாது. கைப்பிளேனரை நிமிர்த்திப் பிடித்து பலகையின் உயர்ந்த இடங்களைக் குறைக்கப் பாவியுங்கள். அந்த வேலைக்கு அது அருமையான சாமான்.

சேர்ந்த மெஷின் நல்லதா, தனித்தனியாக வாங்குவதா?

இடம் பன்னிரண்டுக்குப் பத்து அடி என்றால் சேர்ந்தது. பிளேனராக இருப்பதைத் திக்னசராக மாற்ற மேசையைத் தூக்கி, சீவல் மூடியைத் திருப்ப வேண்டும். ஒன்றிரண்டு நிமிட வேலை. முதலில் எல்லாப் பலகையின் முகத்தையும் சீவி முடித்துவிட்டு, பிறகு மாற்றி எல்லாவற்றின் தடிப்பையும் எடுத்தால் அலுப்புத் தெரியாது.

தனித் திக்னசர் மட்டும் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். மக்கிட்டா 2012என்பி மாதிரி ஒன்று 304 மில்லிமீற்றர், அதாவது 12 அங்குல அகலம் சீவும். நல்ல மெஷின்தான். ஆனால் முகத்தை மட்டமாக்க வேறு வழி வைத்திருக்க வேண்டும். அதற்கு ஒரு யுக்தி உண்டு. நேரான தடித்த ஒட்டுப்பலகை ஒன்றின் மேல் வளைந்த பலகையை வைத்து, ஆடுகிற மூலைகளுக்கு அடியில் ஆப்புக் கொடுத்து ஒட்டி, இரண்டையும் சேர்த்துத் திக்னசரில் விடுங்கள். அடியில் ஆப்பு தாங்குவதால் ரோலரால் அமுக்கி நேராக்க முடியாது, மேல்முகம் உண்மையாகவே மட்டமாகும். பிறகு கவிழ்த்து மற்றப் பக்கம். மெதுவான வேலை, ஆனால் சரியான வேலை.

என்ன அகலம் வாங்குவது?

சிறிய சேர்ந்த மெஷின்கள் 204 அல்லது 254 மில்லிமீற்றரில் வருகின்றன. முடிந்தால் 254. கதவுச் சட்டத்துக்கு எட்டு அங்குலமே கூட. ஆனால் கதவுப் பலகையும் மேசைப் பலகையும் ஒன்பது, பத்தில் வரும்போது அந்த இரண்டு அங்குலத்துக்காக ஏங்குவீர்கள்.

அகலத்தைவிட மேசை நீளத்தைப் பாருங்கள். இரண்டு மேசையும் சேர்ந்து ஒரு மீற்றர் என்றால், ஏறக்குறைய இரண்டு மீற்றர்ப் பலகை வரை நம்பிக்கையாக நேராக்கலாம். அதற்கு மேல் போனால் பலகை தன் பாரத்திலேயே தொங்கி உங்களை ஏமாற்றும்.

பிளேட் இரண்டா மூன்றா? சுழற்சி எவ்வளவு?

கணக்கு எளிது. 6000 சுற்றில் இரண்டு பிளேட் என்றால் நிமிடத்துக்கு 12,000 வெட்டு. பலகை நிமிடத்துக்கு 6 மீற்றர் போகிறது என்றால் ஒரு வெட்டுக்கும் அடுத்ததுக்கும் இடையில் அரை மில்லிமீற்றர். மூன்று பிளேட் என்றால் அது 0.33 ஆகும், முகம் மழமழப்பாக இருக்கும். மூன்று இருந்தால் நல்லது. ஆனால் மூன்றையும் ஒரே உயரத்தில் பூட்டாவிட்டால் ஒன்றுதான் வெட்டும், மற்ற இரண்டும் சும்மா சுற்றும்.

சிறு சதுரப் பற்களை வரிசையாகப் பதித்த சுருள் உருளையும் இருக்கிறது. விலை கூட. ஆனால் வன்னிக்கு அது பொருத்தமானது என்பது என் எண்ணம். ஏன் என்று அடுத்த பதிலில் வருகிறது.

மரத்துக்குள் செல் துண்டு (போரில் வெடித்த எறிகணையின் சிதறல்) இருக்குமா?

இருக்கும். கட்டாயம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள்.

எங்கள் வளவில் நின்ற ஒரு வேம்பை இரண்டு வருடத்துக்கு முதல் தறித்து அரிந்தேன். அரியும்போது வாளில் ஒன்றும் படவில்லை. பலகையைக் காய வைத்து, ஒரு முகம் பிளேனரில் சீவி முடித்து, மற்றப் பக்கத்துக்காகத் திக்னசரில் விட்டேன். நடுவில் "டிங்" என்று ஒரு சத்தம், ஒரு பொறி. உடனே நிறுத்திப் பார்த்தால் நகத்தின் அளவில் நீலம் கலந்த கறுப்புக் கறை, அதன் நடுவில் வெள்ளியாக ஒரு கீறல். உளியால் தோண்டினேன். பயறு விதையைவிடக் கொஞ்சம் பெரிய துண்டு, ஒரு பக்கம் பல்லுப் பல்லாகக் கிழிந்திருந்தது. 2009இல் வந்தது. காயம் ஆறி, அதன் மேல் மரம் வளர்ந்து மூடி, வெளியில் எந்த அடையாளமும் இல்லாமல் அத்தனை வருடம் அதற்குள்ளேயே இருந்திருக்கிறது.

அந்தக் கறைதான் உங்களுக்கு முதல் எச்சரிக்கை. இரும்பு மரத்தின் துவர்ப்போடு சேர்ந்தால் நீலக்கறுப்பாகும். அரிந்த பலகையைத் தண்ணீர்த் துணியால் துடைத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். நாரின் நீளத்துக்கு இழுபட்ட கறுப்புக் கோடு தெரிந்தால் அங்கே தோண்டுங்கள். மரம் நிற்கும்போதே பட்டையில் புடைப்பு, மூடிய வாய் மாதிரித் தழும்பு இருந்தால் அந்தப் பக்கத்தைக் குறித்து வையுங்கள். வேலி மரம் என்றால் செல் துண்டு இல்லாவிட்டாலும் முள்ளுக்கம்பி அடித்த வளைந்த ஆணி உள்ளே இருக்கும்.

காந்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். பழைய ஸ்பீக்கர்க் காந்தம் மேலோட்டமான இரும்பைக் காட்டும், ஆழத்தில் இருப்பதைக் காட்டாது. சன்னத்தின் ஈயமும் பித்தளையும் காந்தத்தில் ஒட்டவே ஒட்டாது. திருவிழாக் கூட்டத்தில் உடம்பைச் சோதிக்கப் பிடிக்கிற மாதிரிக் கையடக்க உலோகச் சோதனைக் கோல் ஒன்று வாங்குங்கள். பலகையின் இரண்டு முகத்தையும் மெதுவாகத் தடவுங்கள். ஒரு சோடி பிளேட் கெட்டுப்போகிற செலவோடு பார்த்தால் அது பெரிய காசில்லை.

சுருள் உருளையின் பலன் இங்கேதான். துண்டு பட்டால் அதில் பட்ட இரண்டு மூன்று பற்களை மட்டும் திருப்பிப் பூட்டினால் போதும். ஒவ்வொரு பல்லுக்கும் நான்கு முனை. நீளப் பிளேட் என்றால் முழுவதும் போய்விடும்.

இன்னொன்று. சிதறிய துண்டாக இல்லாமல், உருவம் உள்ள ஏதாவது மரத்தில் செருகி இருந்தால் தோண்டாதீர்கள், தட்டாதீர்கள். விலகி நின்று பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றுகிறவர்களுக்கோ அறிவியுங்கள்.

துண்டு பட்டு பிளேட்டில் பல் விழுந்துவிட்டது. இப்போது?

பல் விழுந்த, அதாவது கூர் உடைந்த இடத்தில் பலகையில் ஒரு மெல்லிய மேடு, கோடு மாதிரி நீளத்துக்கும் வரும். சிறிய பல் என்றால் ஒரு பிளேட்டை மட்டும் இளக்கி, ஒன்று அல்லது இரண்டு மில்லிமீற்றர் பக்கவாட்டில் நகர்த்திப் பூட்டுங்கள். ஒன்று விட்ட கோட்டை மற்றது சீவிவிடும். பெரிய பல் என்றால் சாணைக்குக் கொடுக்க வேண்டியதுதான். எல்லாப் பிளேட்டையும் ஒன்றாகக் கொடுங்கள். ஒன்றை மட்டும் தீட்டினால் பாரம் வித்தியாசப்பட்டு உருளை அதிரும்.

எப்போதும் இரண்டு சோடி வைத்திருங்கள். வீட்டு வேலைக்கு எச்எஸ்எஸ் என்கிற உருக்குப் பிளேட்தான் என் தெரிவு. கார்பைட் நீண்ட நாள் கூர் நிற்கும், ஆனால் இரும்பு பட்டால் உடைந்து தெறிக்கும், இங்கே தீட்டுவதும் கஷ்டம். மெஷின் வாங்கும் முன்னரே அதற்கான பிளேட் கிடைக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். கொழும்பிலிருந்து வர வேண்டும் என்றால் அன்றைக்கே ஒரு சோடியும் சேர்த்து வாங்குங்கள்.

வீட்டுக் கரண்ட் தாங்குமா?

1500 வாட்ஸ் மெஷின் 230 வோல்ற்றில் ஏறக்குறைய ஆறரை அம்பியர் எடுக்கும். சாதாரண 13 அம்பியர் பிளக் போதும். மூன்று குதிரைவலு இன்டக்சன் மோட்டார் என்றால் தொடங்கும் நொடியில் ஓட்டத்தில் எடுப்பதைப்போலப் பல மடங்கு இழுக்கும். மெயின் போர்ட்டிலிருந்து அதற்கென்று தனி வயர் இழுக்க வேண்டும், அதை உரிமம் உள்ள மின் வேலைக்காரர் செய்யட்டும்.

ஒழுங்கைக் கடைசியில் இருக்கும் வீடுகளில் பின்னேரம் வோல்ற்றேஜ் விழும். அந்த நேரம் மோட்டார் இழுக்காது, சூடாகும், மணம் வரும். கனமான சீவலைக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். நீட்டு வயர் பாவித்தால் 2.5 சதுர மில்லிமீற்றர் வயர், சுருளை முழுவதும் அவிழ்த்துவிட்டு. சுற்றியபடியே ஓட்டினால் உள்ளே வயர் உருகும். ட்ரிப் சுவிட்சும் எர்த்தும் இல்லாத கொட்டிலில் மெஷின் பூட்டவே வேண்டாம்.

பழைய மெஷின், லேத் பட்டறையில் செய்த மெஷின் வாங்கலாமா?

பழையது வாங்கலாம். கையால் உருளையைச் சுற்றி பெயாரிங் கரகரக்கிறதா என்று கேளுங்கள். நீட்டு மட்டக்கோலை இரண்டு மேசைக்கும் குறுக்காக வைத்து, இரண்டும் ஒரே தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ரோலர் ரப்பர் கண்ணாடி மாதிரி மினுங்கினால் பலகையைப் பிடிக்காது.

உள்ளூரில் செய்தவற்றில் உருளை சதுரக் கட்டையாக இருந்தால் விட்டுவிடுங்கள். மேசைக்கும் பிளேட்டுக்கும் நடுவில் அதில் இடைவெளி கூட. விரல் பட்டால் வட்ட உருளையில் நுனி போகும், சதுரத்தில் விரலே உள்ளே போகும்.

சீவுகிற ஒழுங்கு என்ன?

முதலில் வெட்டு, பிறகுதான் சீவல். இதைப் பலர் மாற்றிச் செய்கிறார்கள்.

எட்டடிப் பலகை ஒன்று நடுவில் 12 மில்லிமீற்றர் வளைந்திருக்கிறது என்று வையுங்கள். அப்படியே சீவி நேராக்கினால் 12 மில்லிமீற்றர் மரம் சீவலாகப் போகும். ஒரு அங்குலப் பலகையில் பாதி. அதையே இரண்டு நாலடியாக வெட்டினால் ஒவ்வொன்றிலும் வளைவு 3 மில்லிமீற்றர்தான், ஏனென்றால் நீளம் பாதியானால் வளைவு கால்வாசியாகிறது. அதனால் வேண்டிய நீளத்தைவிட மூன்று நான்கு அங்குலம் கூட விட்டு வெட்டிக்கொண்டு, பிறகு மெஷினுக்கு வாருங்கள்.

அடுத்தது முகம். குழிந்த பக்கம் கீழே, இரண்டு முனையில் நிற்கும்படி. புடைத்த பக்கத்தை வைத்தால் பலகை தொட்டில் மாதிரி ஆடும். முறுக்கைப் பார்க்க இரண்டு நேரான அலுமினியத் துண்டுகளைப் பலகையின் இரண்டு முனையிலும் குறுக்காக வைத்து, குனிந்து ஒன்றன் மேல் ஒன்றாகப் பாருங்கள். கோடுகள் ஒன்றாக இல்லாவிட்டால் முறுக்கு. முன்முகம் மட்டமானதும் பென்சிலால் ஒரு சுழி போடுங்கள். பிறகு அந்த முகத்தை பிளேனர் மேசையில் நிமிர்ந்து நிற்கும் வேலிப் பலகையோடு அணைத்து ஒரு விளிம்பைச் சீவுங்கள், மூலைமட்டத்தால் பாருங்கள். அப்புறம் திக்னசரில் தடிப்பு. கடைசியாக வாளில் அகலம்.

தடிப்பு எடுக்கும்போது முடிந்தவரை இரண்டு முகத்திலும் சமமாக எடுங்கள். ஒரு பக்கமே எடுத்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளிவந்து திரும்ப வளையும்.

முதிரை கிழிகிறது. பாலை, பனை எப்படி?

முதிரையின் நார் ஒரு பட்டை இந்தப் பக்கமும் அடுத்த பட்டை எதிர்ப் பக்கமுமாக ஓடும். அந்த மினுக்கத்தின் அழகே அதுதான், கிழிவதும் அதனால்தான். அரை மில்லிமீற்றருக்கு மேல் எடுக்காதீர்கள். பிளேட் புதுக்கூராக இருக்கட்டும். பலகையைக் கொஞ்சம் சரித்து விடுங்கள். சீவுவதற்கு முன் ஈரத்துணியால் முகத்தை ஒருதரம் துடைத்தால் நார் இளகிக் கிழிவது குறையும். கடைசியில் கைச்சீவுளி அல்லது தகட்டால் சுரண்டி முடியுங்கள். முதிரைத் தூள் சிலருக்கு உடம்பைக் கடிக்கும், தடிக்கும். நீளக் கைச் சட்டை வேண்டாம் என்று கீழே சொல்லியிருக்கிறேன், ஆகவே வேலை முடிந்ததும் உடனே குளியுங்கள்.

பாலை கல்லு மாதிரி. சிறிய மெஷினுக்கு அது கனம், 0.3 மில்லிமீற்றர் அளவில் பொறுமையாக. பனையில் வெளிக் கறுப்பு வைரம்தான் மரம், உள்ளே சோறு. கறுப்பு நார் பிளேட்டை விரைவில் மழுக்கும், சிராம்பு ஊசி மாதிரிக் கையில் ஏறும். தேக்கும் வேம்பும் சுகம்.

பலகையின் இரண்டு முனையிலும் பள்ளம் விழுகிறது.

முனையிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் வரை வரும். பலகை ஒரு ரோலரால் மட்டும் பிடிபட்டிருக்கும் நேரத்தில் முனை தூக்குப்படுவதால்தான். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் மெஷினுக்கு வெளியே நிற்கும் முனையைக் கையால் சற்று உயர்த்திப் பிடியுங்கள். பல பலகைகளை முனைக்கு முனை தொட்டபடி ஒன்றன்பின் ஒன்றாக விட்டால் முதல் பலகையின் முன்னாலும் கடைசிப் பலகையின் பின்னாலும்தான் பள்ளம் வரும். மூன்று நான்கு அங்குலம் கூட விட்டு வெட்டச் சொன்னது இதற்கும்தான்.

பிளேனர்ப் பக்கம் பின்முனையில் மட்டும் பள்ளம் என்றால் பின் மேசை (பலகை வெளியேறுகிற பக்கத்து மேசை) பிளேட்டைவிடத் தாழ்ந்திருக்கிறது. பிளக்கைக் கழற்றிவிட்டு, நேரான ஒரு கட்டையைப் பின் மேசையில் வைத்து உருளைக்கு மேல் நீட்டி, உருளையைக் கையால் சுற்றுங்கள். பிளேட் கட்டையைத் தொட்டு இரண்டு மூன்று மில்லிமீற்றர் இழுக்க வேண்டும். எல்லாப் பிளேட்டும், இரண்டு ஓரத்திலும், ஒரே அளவு இழுத்தால் சரி.

விரல் போகாமல் வேலை செய்வது எப்படி?

சாரத்தோடு மெஷினுக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள். கையுறை போடாதீர்கள், உருளை பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். நீளக் கைச் சட்டை, கழுத்துச் சங்கிலி, கைநூல் எதுவும் வேண்டாம். கோயில் நூல் என்றால் தொங்காமல் கையோடு சேர்த்து ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு அடிக்குக் குறைந்த துண்டைப் பிளேனரில் விட வேண்டாம். மூடி எப்போதும் உருளையின் மேல் இருக்க வேண்டும், பலகை போகிற அளவுக்கு மட்டும் திறந்து. தள்ளு கட்டை இரண்டு செய்துகொள்ளுங்கள். பலகையின் முன்பகுதி பின் மேசைக்குப் போனதும் அமுக்கத்தை அங்கே மாற்றுங்கள், கை உருளைக்கு மேலால் அமுக்கிக்கொண்டு போகக்கூடாது. திக்னசரில் பலகை சிக்கினால் குனிந்து வாய்க்குள் பார்க்காதீர்கள். நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, பிறகு. பக்கத்தில் நிற்கும் தம்பிமாரும் பலகை வருகிற நேர்கோட்டில் நிற்கக்கூடாது.

தூசுக்கு என்ன செய்யலாம்?

பத்து நிமிடத்தில் ஒரு சாக்குச் சீவல் வரும். வெளியே இழுக்காவிட்டால் ரோலருக்கு அடியில் அகப்பட்டுப் பலகையில் சிறு பள்ளங்கள் பதியும். வீட்டு வக்கியூம் குழாய் உடனே அடைக்கும். 100 மில்லிமீற்றர்க் குழாயுள்ள தூசு இழுப்பான் வேண்டும். அது இல்லாவிட்டால் மெஷினை வாசலுக்கு இழுத்து, காற்றுப் போகிற பக்கம் வாயைத் திருப்புங்கள். மாஸ்க்கும் காதுக்கு மூடியும் கட்டாயம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றின் தொகுதியில் வைத்திருக்கிறது.

மாரியில் மேசை துருப்பிடிக்கிறது.

வாடைக் காற்று தொடங்கும் முன் மேசையைத் துடைத்து மெழுகு பூசுங்கள். மெழுகுதிரித் துண்டும் போதும். துணியால் மூடுங்கள், பொலித்தீன் வேண்டாம், உள்ளே வேர்க்கும். மாரியில் சீவிய பலகை சோளகக் காற்று வீசும் வறண்ட காலத்தில் சுருங்கும். கதவுப் பலகைக்குச் சட்டத்துக்குள் அசைய இடம் விட்டுப் பொருத்துங்கள்.

வளவு மரத்தை அரிந்து கொண்டுவர அனுமதி வேண்டுமா?

பலாவும் பனையும் தறிக்கவே அனுமதி வேண்டும். அரிந்த மரத்தை வீதியால் கொண்டுபோகவும் அனுமதிச் சீட்டுத் தேவைப்படலாம். தறிக்க முன்னரே கிராம அலுவலரிடமும் வனவளத் திணைக்களத்திடமும் போய்க் கதையுங்கள்.

சீவலை என்ன செய்வது?

கோழிக்கூட்டுக்குப் போடலாம், தென்னைக்கு அடியில் பரப்பலாம். பழைய கதவு நிலை, கதவு சீவிய சீவலை மட்டும் தனிச் சாக்கில் கட்டுங்கள். பழைய பெயின்ற்றில் ஈயம் இருக்கும், கறையானுக்கு அடித்த மருந்தும் இருக்கும். அது கோழிக்கும் கூடாது, அடுப்புக்கும் கூடாது.